ஹராஜுகுவின் வீதியும் யுவதிகளின் வஸ்திரங்களும்

காரைக்குடிக்கு இந்தப் பக்கம் எங்கள் அரியக்குடி. அந்தப் பக்கம் கோட்டையூர். அந்தக் கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்து, பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, பின்னர் புகைப்படக் கலையை முறையாகக் கற்கவேண்டும் என்ற உத்தேசத்தோடு 1930-களின் நடுவில் டோக்கியோவுக்குப் போன அ. கருப்பன் செட்டியாரை, தமிழுலகம் ஏ. கே. செட்டியார் என்ற சுருக்கப் பெயரால் அறிந்திருக்கும் அந்த யாத்திரிகரை, நான் வாலிப வயது முதல் சற்றே பொறாமையோடு நினைத்து வந்திருக்கிறேன். எங்கள் சீமையிலிருந்து கடல் கடந்தவர்கள் அநேகம் பேர். ஆனால் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் அவர்கள் போனது கொண்டுவிற்க. திரும்பி வரும்போது தேக்கு மரமும் பீங்கான் சாமான்களும் கணக்குப் பேரேடுகளும் கொண்டுவந்தார்கள். காட்சிகளைக் கொண்டுவருவதற்கென்றே புறப்பட்டுப் போனவர் இவர். பிற்பாடு மகாத்மா காந்தியைப் பற்றிய செய்திப்படங்களை உலகெங்கும் அலைந்து திரட்டி 1940-இல் முழுநீளப் படமாக வெளியிட்டாரே, அந்தச் சாதனைக்கு வேண்டிய கண்ணும் கையும் பழகிய இடங்களில் டோக்கியோவும் ஒன்று.

ஆகவே என் தங்கை மகள், டோக்கியோவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள், "ஒரு தடவை வந்துட்டுப் போங்க அம்மான்" என்று கூப்பிட்டபோது, வயதையும் முழங்காலையும் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் குடியிருப்பது நிஷி கசாய் என்னும் பகுதியில். நம்மவர்கள் மிகுதியாக வாசம் செய்கிற பேட்டை அது. துவரம்பருப்புக்கும் புளிக்கும் அங்கே பஞ்சமில்லை.

ஊர் திரும்பிய நாள் முதல் என்னைச் சந்திக்கும் அன்பர்கள் யாவரும் கேட்கும் கேள்வி, "ஃபூஜி மலையைப் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்தேன், ரயில் ஜன்னல் வழியாக, மேகம் விட்டுக்கொடுத்த அளவுக்கு. அசகுசாவில் சென்ஸோஜி கோயிலின் பெரிய சிவப்பு விளக்கைப் பார்த்தேன். 333 மீட்டர் உயரமுள்ள, 1958-இல் கட்டிய டோக்கியோ கோபுரத்தையும், அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு மிஞ்சும்படி 634 மீட்டருக்கு 2012-இல் எழுப்பிய ஸ்கைட்ரீயையும் பார்த்தேன். இவற்றைப் பற்றியெல்லாம் எழுதாத பயணக் கட்டுரை இல்லையாதலால் நான் எழுதாமல் விடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றுவது ஒரு தெருவைப் பற்றியும், அதில் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு வந்து நிற்கிற உடைகளைப் பற்றியும். அறுபதைக் கடந்த ஒருவன் எழுதத்தக்க விஷயமா இது என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

டோக்கியோ மாநகரின் எல்லைக்குள் மட்டும் சுமார் 1 கோடியே 40 லட்சம் ஜனங்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்து நகரங்களையும் சேர்த்தால் மூன்றரைக் கோடிக்கு மேல் போய்விடும். நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி யமனோத்தே என்ற ரயில் பாதை வளையமாக ஓடுகிறது, நீளம் 34.5 கிலோமீட்டர், நிலையங்கள் 30, முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். வேலைநாளில் காலை எட்டு மணிக்கு அந்த வண்டியில் ஏறிப் பார்க்கவேண்டும். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பை, கறுப்புச் சப்பாத்து. பெண்களானால் கறுப்பு அல்லது கருநீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. புதிதாக வேலை தேடும் பட்டதாரிகளுக்கென்றே ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற கறுப்பு உடுப்பு ஒன்று தனியாகக் கடைகளில் விற்கிறது. நேர்முகப் பரீட்சைக்கு அதை உடுத்தாமல் போகிறவன் துணிச்சல்காரன் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் மாலுமிக் கழுத்துப் பட்டை வைத்த சீருடையில் வருகிறார்கள். அது 1920-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வழக்கம். இத்தனை கூட்டத்திலும் செல்பேசியில் வாய்விட்டுப் பேசுவோர் ஒருவரைக்கூட நான் காணவில்லை. நம் காரைக்குடி பஸ்ஸில் ஏறிப் பழகிய காதுக்கு அந்த நிசப்தம் முதலில் அச்சத்தையே தந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதே பாதையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹராஜுகு நிலையத்தில் இறங்கினேன். 1924-இல் மரச்சட்டங்களை வைத்துக் கட்டிய அழகான பழைய நிலையம் ஒன்று அங்கே இருந்ததாம். 2020-இல் புதிய கண்ணாடிக் கட்டடம் திறந்தபின் பழையதைப் பிரித்துவிட்டார்கள். நிலையத்துக்கு ஒரு பக்கம் மெய்ஜி சக்கரவர்த்திக்கும் அவருடைய மகாராணிக்கும் 1920-இல் எழுப்பிய ஆலயம். அதைச் சுற்றியுள்ள பெருங்காடு தானாக வளர்ந்ததன்று. தேசம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் காணிக்கையாக அனுப்பிய ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்களை நட்டு உண்டாக்கியது. நூறு வருஷத்துக்குள் அது ஆதி காலத்து வனம் போலவே இருண்டு கிடக்கிறது. நிலையத்தின் மறுபக்கமோ, 350 மீட்டர் நீளமே உள்ள தகேஷிதா என்னும் குறுகலான தெரு. இளஞ்சிவப்பு நிறத்துப் பஞ்சுமிட்டாய், தோசைபோல் மெல்லிதாக வார்த்துப் பழமும் பாலேடும் வைத்துச் சுருட்டித் தரும் கிரேப், மயிருக்கு நீலமும் ஊதாவும் பூசிக்கொண்ட விற்பனைப் பெண்கள், காதைத் துளைக்கும் சங்கீதம். ஒரு ரயில் நிலையத்தின் இரு வாசல்களுக்கு இடையில் இத்தனை தூரம் இருக்க முடியுமா என்று நான் திகைத்து நின்றேன்.

தகேஷிதா தெருவுக்குள் நுழைந்த மாத்திரத்தில் எதிரே வந்த இரண்டு யுவதிகளை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன் போலிருக்கிறது. மருமகள் என் முழங்கையைத் தொட்டு, "அம்மான், அப்படி உத்துப் பாக்காதீக. இங்கே யாரும் யாரையும் உத்துப் பாக்கமாட்டாக" என்றாள்.

"பார்க்க வேண்டாமென்றால் இப்படி உடுத்திக்கொண்டு எதற்கு ஆத்தா வருகிறார்கள்?"

"பாக்கணும். ஆனா உத்துப் பாக்கக்கூடாது. படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுக்கணும்."

இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள எனக்கு அன்று மாலை வரை ஆயிற்று. விளங்கியபின்தான் அந்தத் தெருவும் எனக்கு விளங்கியது.

அந்தப் பெண்கள் உடுத்தியிருந்தது லோலிடா என்று வழங்கும் உடை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விகாரமாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஐரோப்பிய சீமாட்டிகளின் பழைய காலத்துக் குழந்தை உடுப்புகளை ஒத்த, கழுத்துவரை பொத்தான் பூட்டிய, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற, மேலைநாட்டு வாலிபர் உடைகளோடு ஒப்பிட்டால் பரம அடக்கமான உடை அது. பாவாடை மணி வடிவில் விரிந்து நிற்பதற்காக உள்ளே மடிப்பு மடிப்பாக விறைத்த வலைத்துணியாலான உட்பாவாடை, விளிம்பில் மூன்று வரிசை சரிகைப் பின்னல், தலையில் அதே துணியில் நாடா, கையில் குடை. மருமகளைத் துபாஷியாக வைத்துக்கொண்டு ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து மாகாணத்திலிருந்து இரண்டு மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, அங்கே கறுப்புப் பாவாடைதான். புதிதாக வாங்கினால் இந்த ஒரு கவுன் முப்பதாயிரம் யென்னுக்குக் குறையாதாம். ஆகையால் இதையே பழைய உடுப்புகளை வாங்கி விற்கும் கடையில் பாதி விலைக்குப் பிடித்து, கிழிந்திருந்த விளிம்பைத் தானே தைத்துக்கொண்டாளாம். பாவாடையின் ஓரத்தைச் சற்றே உயர்த்தித் தான் போட்ட தையலை எங்களுக்குக் காட்டினாள். ஒவ்வொரு தையலும் அரிசி முனையளவு. எங்கே பழைய தையல் முடிந்து அவளுடையது ஆரம்பிக்கிறது என்று என் கண்ணாடிக்குத் தெரியவில்லை.

"இந்த உடையை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வருவீர்களா?" என்று கேட்கச் சொன்னேன். அவள் சிரித்து, சக்கரம் வைத்த சிறிய பெட்டியைச் சுட்டிக் காட்டினாள். ரயில் நிலையத்தில் உடை மாற்றிக்கொண்டு வருவாள். சாயங்காலம் மீண்டும் மாற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்தார் அறிந்த சாதாரணப் பெண்ணாக வீடு திரும்புவாள். பத்து இருபது வருஷங்களுக்கு முன்னால் இவளைப் போன்றவர்கள் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகும் ஜிங்கு பாலத்தின் மேல் திரளாக வந்து நிற்பார்களாம். எதையும் விற்பதற்கோ, ஆடுவதற்கோ அல்ல; சும்மா நிற்பதற்கு. இப்போது பாலத்தில் நிற்பவர்கள் குறைந்துபோய்விட்டார்கள்.

சும்மா நிற்பது என்றேன். இந்த ஒரு காரியம்தான் என் மனத்தைப் பற்றிக்கொண்டது. நாகரிக உடைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைகளைப் பற்றியும் தையற்கலைஞர்களைப் பற்றியும் சினிமா நட்சத்திரங்களைப் பற்றியும் பேசுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. புதுவிதமாக உடுத்துகிற இளம்பிள்ளைக்குக் கடையைவிட முக்கியமாக வேண்டியது, உடுத்திக்கொண்டு போய் யாருடைய தொந்தரவுமின்றி நிற்பதற்கு ஓர் இடம். டோக்கியோவின் உடை விசித்திரங்களின் சரித்திரம், அப்படி நிற்பதற்கு ஒரு வீதி கிடைத்ததும் பறிபோனதுமான சரித்திரமே. இதற்குச் சாட்சியங்கள் இருக்கின்றன.

1923-ஆம் ஆண்டு பூகம்பத்தில் டோக்கியோ எரிந்து சாம்பலாயிற்று. அது மீண்டெழுந்துகொண்டிருந்த 1925-ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில், வாசேதா சர்வகலாசாலையில் கட்டடக்கலை போதித்த கோன் வாஜிரோ என்ற ஆசிரியர், சகாக்கள் சிலரை அழைத்துக்கொண்டு கின்ஸா வீதிக்குப் போனார். நோட்டுப் புத்தகத்தோடு நடந்து, எதிரே வருகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதைத் தலைமயிர் முதல் செருப்பு வரை வகைப்படுத்தி எண்ணினார். ஆண்களில் 100-க்கு 67 பேர் மேலைநாட்டு உடை. பெண்களிலோ 100-க்கு ஒருத்தி! கின்ஸாவின் நவீன யுவதிகளைப் பற்றிப் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் எழுதித் தள்ளின. குட்டை முடியும் குட்டைப் பாவாடையுமாக அவர்கள் நகரத்தையே பிடித்துக்கொண்டுவிட்டார்கள் என்று பெரியவர்கள் புலம்பினார்கள். எண்ணிப் பார்த்தால் நூற்றில் ஒன்று. அந்த ஒருத்தியின் மேல் எத்தனை ஆயிரம் கண்கள் விழுந்திருக்கவேண்டும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். நம் கோட்டையூர்ச் செட்டியார் அந்த நகரத்தில் காமிராவோடு நடந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து.

பிறகு யுத்தம், பஞ்சம், நெருப்பு. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடக்க இருந்தது. அந்தக் கோடையில் அதே கின்ஸாவின் மியூகி என்ற தெருவில், பெற்றோர் வாங்கித் தந்த பள்ளிச் சீருடையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப்போல் குட்டைக் கால்சட்டையும் கழுத்துப் பட்டையில் பொத்தான் வைத்த சட்டையும் மாட்டிக்கொண்ட வாலிபர் கூட்டமொன்று தினந்தோறும் வந்து நின்றது. அவர்களும் சும்மாதான் நின்றார்கள். உலகத்தார் வரும்போது நம் பிள்ளைகள் இப்படித் தெருவில் நிற்பது அவமானம் என்று கடைக்காரர்கள் முறையிட, செப்டம்பரில் போலீஸார் வந்து அவர்களை வாரிக்கொண்டு போனார்கள். பந்தயம் தொடங்கும்போது தெரு சுத்தமாக இருந்தது. இதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு: அந்த வாலிபர்கள் பின்பற்றிய அமெரிக்க மாணவர் உடையில், கோடைக்குரிய பிரதான துணிகளில் ஒன்று மெட்ராஸ் கட்டம், அதாவது நம் கடற்கரைத் தறிகளில் நெய்த கைத்தறி. அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பாணி ஜப்பான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கும் முன்னே, டச்சுக்காரர் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணியை, அக்காலத்தில் எடோ என்று பெயர் வழங்கிய இதே நகரத்தின் நாகரிக புருஷர்கள் விரும்பி உடுத்தினார்கள். சாந்தோம் என்ற ஊர்ப் பெயரையே அந்தத் துணிக்கு அவர்கள் வைத்திருந்தார்கள். மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோம்தான்.

ஹராஜுகுவுக்கு வருவோம். ஆலயத்துக்கு அடுத்திருந்த ராணுவ மைதானத்தில், யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்காக வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற குடியிருப்பை நிறுவினார்கள். அவர்களை நம்பி அந்தப் பக்கம் பொம்மைக் கடைகளும் கலைப்பொருள் கடைகளும் முளைத்தன. அந்த நிலம் ஒலிம்பிக் கிராமமாகி, பின்னர் 1967-இல் யோயோகி பூங்காவாயிற்று. வாடகை மலிவாயிருந்த அடுக்கு வீடுகளில் புகைப்படக்காரர்களும் விளம்பர ஓவியர்களும் தையற்கலைஞர்களும் குடியேறினார்கள். இவ்வளவும் இருந்தும் அது இளைஞர்களின் ராஜ்யமாகவில்லை. 1977-ஆம் ஆண்டில் ஒரு காரியம் நடந்தது: ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவை ஒட்டிய பெருவீதியில் வாகனங்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டார்கள், பாதசாரிகளின் சுவர்க்கம் என்று அதற்குப் பெயர்.

மோட்டார் போகாத வீதி கிடைத்ததும் என்ன ஆயிற்று? 1980-ஐ ஒட்டி, தகேஷிதா தெருவில் இருந்த 'தகேனோகோ' என்ற சிறு கடையில் வாங்கிய தொளதொளப்பான சிவப்பு, ஊதா, மஞ்சள் அங்கிகளை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஊதல் தொங்க, நடுத்தெருவில் பாட்டுப்பெட்டியை வைத்து வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆடினார்கள். அவர்களுக்கு எதிர்க்கட்சியாக, தலைமயிரை எண்ணெய் தடவி முன்னே தூக்கி வாரி, கறுப்புத் தோல் சட்டை அணிந்து, பழைய அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாட்டுக்கு ஆடும் கூட்டம். அதற்குப் பின் வாத்தியக் கோஷ்டிகள். 1997-இல் ஷோயிச்சி ஆவோக்கி என்ற புகைப்படக்காரர் 'ஃப்ரூட்ஸ்' என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார். பக்கத்துக்கு ஒரு பிள்ளை, உச்சி முதல் உள்ளங்கால் வரை, எந்தச் சட்டை எந்தக் கடையில் வாங்கியது என்ற குறிப்போடு. பாட்டியின் கிமோனோவைக் கத்தரித்து அதன்மேல் விளையாட்டு வீரரின் சப்பாத்தைப் போட்டுக்கொண்ட அந்தப் பிள்ளைகளின் படங்கள் உலகமெங்கும் பிரசித்தி பெற்றன. ஆனால் அதற்கு மறு ஆண்டே, சத்தமும் நெரிசலும் தாளவில்லை என்ற புகார்களால், ஞாயிற்றுக்கிழமை வீதியை மீண்டும் மோட்டார்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபது வருஷம் சேகரித்த ஆவோக்கி, 2017-இல், படம் எடுக்கத் தகுந்த பிள்ளைகள் இனி வீதியில் இல்லை என்று சொல்லிப் பத்திரிகையை நிறுத்தினார். மலிவு விலை அந்நியக் கடைகள் வந்ததும், பிள்ளைகள் செல்பேசித் திரையிலேயே தங்கள் உடையைக் காட்டிக்கொள்ளத் தொடங்கியதும் காரணம் என்பார்கள். அவையும் காரணங்களே. எனினும், வீதி போன நாளிலேயே பாதி போய்விட்டது என்று நான் நினைக்கிறேன்.

போகாத பாதியை நான் கண்ணால் கண்டேன். யோயோகி பூங்காவின் வாசலில் அந்தத் தோல் சட்டைக்காரர்கள் இன்னும் ஆடுகிறார்கள்! ஞாயிறுதோறும் ஆடுகிறார்கள். ஆனால் அன்றைய வாலிபர்கள் இன்று என் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். மயிர் உதிர்ந்தவர்கள் எஞ்சியதை எண்ணெயும் பசையும் போட்டு மேடாக்கி நிறுத்தியிருந்தார்கள். முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் திருகித் திருகி ஆடுகிற ஆட்டம் அது; சிமிட்டித் தரையில் அப்படித் திருகினால் சப்பாத்தின் அடித்தோல் என்னவாகும்? ஒருவர் ஆட்டம் முடிந்து ஓரமாக வந்து உட்கார்ந்தார். சப்பாத்தின் முனையில் வெள்ளிநிற ஒட்டு நாடாவைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார். அது தேய்ந்து நார் நாராகத் தொங்கியது. அதை உரித்துக் கையோடு கொண்டுவந்த பையில் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து புது நாடாச் சுருளை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்து, பொறுமையாக மறுபடி சுற்றினார். பக்கத்தில் வேறு ஒருவர் சீப்பை எடுத்து நீட்டினார். இவர் வாரிக்கொண்டு, சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டு மாறியதும் எழுந்து ஆடப் போனார். அவர்களைச் சுற்றிக் கூட்டம் நின்றது. யாரும் பரிகாசம் செய்யவில்லை, யாரும் காசு போடவும் இல்லை.

பார்ப்பதற்கும் உற்றுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கிய இடம் அதுதான்.

ஷிபுயா அங்கிருந்து ஒரே நிலையம். எஜமானன் இறந்த பின்னும் நாள்தோறும் ரயிலடிக்கு வந்து காத்திருந்த ஹாச்சிகோ என்ற நாயின் சிலையும், பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் குறுக்கே நடக்கிற நாற்சந்தியும் அங்கே பிரசித்தம். எனக்கு ஆர்வம் அங்கே வேறு ஒன்றில். 1995 தீபாவளிக்கு நம் ஊர்க் கொட்டகைகளில் ஓடிய ரஜினிகாந்தின் 'முத்து' படத்தைச் சிங்கப்பூரில் ஜப்பானிய விமரிசகர் ஒருவர் தற்செயலாகப் பார்த்து, பாஷை புரியாமலே சொக்கிப்போய்ச் சொந்த நாட்டுக்கு எடுத்துச் செல்லச் செய்தார். 1998 ஜூன் மாதம் அது திரையிடப்பட்டது ஷிபுயாவில், நாகரிகப் பிள்ளைகள் உலாவும் சரிவுத் தெருக்களின் நடுவில் இருந்த 'சினிமா ரைஸ்' என்ற அரங்கில். 23 வாரம் ஓடிற்று. அந்த அரங்கு 2016-இல் மூடப்பட்டுவிட்டதாதலால் வெளியே நின்று கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ஹராஜுகுவில் வீதி மூடிய அதே வருஷம் ஷிபுயாவில் முத்துவின் குதிரைவண்டி ஓடியிருக்கிறது.

இனி, எங்கள் பக்கத்துச் சமாசாரம் ஒன்று. நான் போயிருந்த ஒரு நாள் மருமகள், அவள் அப்பத்தா கொடுத்த கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். கடுகு மஞ்சளில் கறுப்புக் கட்டம், அரக்குக் கரை, எங்கள் காரைக்குடித் தறியில் நெய்தது. அப்பத்தாவிடம் கற்ற பின்கொசுவம். கணுக்கால் தெரிகிற உயரம். குளிருக்குக் கறுப்புக் கம்பளிச் சட்டை. காலில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. ஓமோதேசாந்தோ பெருவீதிக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில், துணிக்கடைப் பெண் ஒருத்தி வெளியே வந்து குனிந்து வணக்கம் சொல்லி, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். முந்தானையை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கம் திருப்பினாள். கட்டம் அச்சடித்ததா நெய்ததா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நெய்தது என்று கண்டுகொண்டு தலையை ஆட்டினாள். "இதில் எங்கே தையல்?" என்பது அடுத்த கேள்வி. தையலே கிடையாது என்றதும் அவள் முகத்தில் ஏற்பட்ட பிரகாசத்தை என்னவென்று சொல்வது! பின்கொசுவத்தின் மடிப்புகளை மட்டும், முகம் விழாமல், அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு பட்டணத்துக் கடைகளில் அதற்குக் கிராக்கி உண்டாகியிருப்பது சந்தோஷமான விஷயம். ஆனால் என் ஆயா காலத்தில் வயற்காட்டிலும் வளவிலும் ஒன்றுபோல் உழைத்த அந்தப் புடவையை, நடுவே ஒரு தலைமுறை கிழவிகள் கட்டுவது என்று ஒதுக்கி வைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். மருமகளைக் கேட்டேன்: "இதே கோலத்தில், வெள்ளைச் சப்பாத்தும் பின்கொசுவமுமாக, நம் காரைக்குடி செக்காலை வீதியில் நடப்பாயா ஆத்தா?"

"நடப்பேன் அம்மான். ஆனா நிக்கமாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னதில் கசப்பு இல்லை, கணக்கு இருந்தது. எங்கள் ஊர்ப் பையன்களுக்குத் தேநீர்க் கடை வாசல் இருக்கிறது, பஸ் நிறுத்தம் இருக்கிறது, கோயில் முன்மண்டபத்துப் படி இருக்கிறது. மயிரைச் செம்பட்டையாக்கிக்கொண்டும் கால்சட்டையை முழங்காலில் கிழித்துக்கொண்டும் மணிக்கணக்காக அங்கே அவர்கள் நிற்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. பெண்பிள்ளைகள் கடந்து போகிறார்கள். புது உடை உடுத்தி நாலு பேர் காண நிற்பதற்கு அவர்களுக்கென்று இருப்பது வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் கலியாண வீட்டு முகப்புமே. அரியக்குடித் திருவேங்கடமுடையான் சந்நிதியில் ஏகாதசியன்று வரிசையில் நிற்கும் பெண்களின் பாவாடை தாவணிகளையும், இப்போது வருகிற நீண்ட குர்த்தாக்களையும், கோன் வாஜிரோவைப்போல் யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எண்ணி வைத்தால் அது எங்கள் சீமைக்கு நல்லதொரு சரித்திர ஆவணமாகும். ஆனால் எண்ணுகிறவர் பெண்ணாக இருப்பது நலம்.

ஹராஜுகுவை ஆகாசத்தில் தூக்கி வைப்பது என் நோக்கமன்று. தகேஷிதா தெருவில் விற்பதில் முக்கால்வாசி மட்டரகமான சாமான். அதை வாங்குவோரில் பாதிப் பேர் என்னைப்போல் வேடிக்கை பார்க்க வந்த அந்நியர். யுவதிகளைக் கேளாமல் காமிராவை முகத்துக்கு நேரே நீட்டுகிற சுற்றுலாக்காரர்களையும் கண்டேன்; அவர்களில் நம் தேசத்தவரும் இருந்தார்கள் என்பதை எழுதாமல் விடுவது நியாயமாகாது.

போக நினைக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் போங்கள். காலையில் போனால் மூடிய கதவுகளைத்தான் பார்க்கலாம். மழை பெய்தால் பூங்கா வாசலில் ஆட்டம் கிடையாது. தகேஷிதாவைக் கால்மணி நேரத்தில் கடந்துவிட்டு, அதற்குப் பின்னாலுள்ள சிறு சந்துகளில் நேரத்தைச் செலவிடுவது உத்தமம். பழைய உடுப்புக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன, பேரம் பேசும் வழக்கம் இல்லை. படம் எடுக்குமுன் காமிராவைக் காட்டிக் கண்ணால் கேட்டாலே போதும், வேண்டாமென்பவர்கள் கையைக் குறுக்கே வைத்துக் காட்டுவார்கள். குப்பைத் தொட்டி கிடைப்பது அரிதாகையால் பையில் ஒரு காகித உறை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு போகிறவர்கள், நிலையத்திலுள்ள பெட்டி வைக்கும் அறைகள் வெளியூர்ப் பிள்ளைகளால் மத்தியானத்துக்குள் நிரம்பிவிடும் என்பதையும் நினைவில் வைத்துச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.